ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்

இரண்டு வருடத்துக்கு முந்தி, சித்திரை மாதம், லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக் குசினி மேசை. அப்பா, அம்மா, நான் இருந்தோம். இருக்க வேண்டிய பெரியப்பா வரவில்லை. எங்கள் வீட்டு ஆங்கில அலுவல்கள் எல்லாம் அவர் வாயால்தான் நடக்கும். அன்று கடையில் அகப்பட்டுக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். அமெரிக்காவில் ஒக்லஹோமாவில், செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் தலைநகரான சின்ன ஊரில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஒரு வருடம் படிக்க இடம் கிடைத்திருந்தது. பேசுவோர் குறைந்த தங்கள் மொழியை அவர்கள் பிள்ளைகளுக்கு எப்படித் திரும்பக் கற்பிக்கிறார்கள் என்று பார்க்க ஆசை. சனிக்கிழமைகளில் நானும் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன்.

செலவுக்குப் பொறுப்பு அப்பா. அதை உறுதிசெய்யக் கடைசி நாளான அன்று, அந்தப் பல்கலைக்கழக அலுவலகப் பெண்மணி வீடியோவில் வந்தார். பணம் தருபவர் அப்பா என்றால் குடும்பப் பெயர் ஏன் வேறு என்று கேட்டார்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது அப்பாவின் பெயர். அப்பாவுடையதில் அப்பப்பாவின் பெயர், அம்மாவுடையதில் அம்மப்பாவின் பெயர். கடதாசியின்படி நாங்கள் ஒருவருக்கொருவர் யாரோ. இதைச் சொல்லித்தான் எத்தனையோ கவுண்டர்களில் சந்தேகப் பார்வை வாங்கியிருக்கிறோம். இடம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"பெரியப்பாவுக்குப் போன் அடி, அவர் விளங்கப்படுத்துவார்" என்றார் அம்மா.

அப்பா சேட்டின் கொலரை இழுத்துவிட்டுக் கமராவுக்கு முன்னால் வந்தார். "அவர் என்னத்துக்கு? என்ர பேர் எனக்குத் தெரியும்தானே."

தெரிந்த ஆங்கிலத்தில், விரல் மடித்து, மகனுக்கு என் பெயர், எனக்கு என் தகப்பன் பெயர், அவருக்கு அவருடைய தகப்பன் பெயர் என்று போய், அதற்கு மேல் தெரியாது என்று நிறுத்தினார்.

தானும் செரோக்கி என்றார் அந்தப் பெண்மணி. தன் முன்னோரின் பெயர்களையும் பதிவு எடுக்க வந்தவர்கள் தங்களுக்கு வசதியானபடி எழுதிவிட்டுப் போனார்களாம். "உங்கள் பெயரில் பிழையில்லை. எங்கள் படிவத்தில் உள்ள கட்டம்தான் போதவில்லை" என்றவர், விளக்கக் குறிப்பு எழுதி அப்போதே என் விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டார்.

பிறகு அப்பாவின் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னார். தன் பெயரைச் செரோக்கி எழுத்தில் எழுதிக் காட்டினார். ஒருவர் எழுத்து மற்றவருக்குத் தெரியாது. இருவரும் பெரிதாகத் தலையாட்டினார்கள்.

"இண்டைக்கு இவர் அந்தச் சேட்டைக் கழட்டமாட்டார்" என்றார் அம்மா.

அந்த வருடத்தைப் படித்து முடித்து வந்துவிட்டேன். இன்றும் எங்காவது குடும்பப் பெயர் கேட்டால் விரல் மடிக்கும் அப்பாதான் நினைவுக்கு வருகிறார்; கூச்சம் வருவதில்லை. அதற்கு எங்களுக்கு ஆன செலவு, அப்பா அன்று வேலைக்குப் போகாமல் விட்ட அரை ஷிப்டின் சம்பளம்: ஐம்பத்திரண்டு பவுண்.