இருபத்துநாலு அங்குல வண்டியில் துறையூருக்கு

1961, தை மாதம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு விடிந்ததும் தந்தி வந்தது. துறையூரில் என் மாமனார் கவலைக்கிடமாக இருப்பதாகவும் உடனே வரும்படியும் என் மைத்துனர் அனுப்பியிருந்தார். என் மனைவி கமலா அழவில்லை. மாற்றுப் புடவை ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

துறையூர் இருபத்தாறு மைல். அன்று மூன்றாவது நாளாகப் பஸ்காரர்கள் வேலைநிறுத்தம். டாக்ஸிக்கு நாற்பது ரூபாய் கேட்டார்கள். அச்சகத்தில் பிழை திருத்தும் எனக்கு அது அரை மாதச் சம்பளத்துக்கும் மேல்.

காலை 6.30. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை. கடைக்கார பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சின்ன வண்டியெல்லாம் போயிருச்சு சார். இருபத்துநாலு இஞ்சு ஃபிரேம் போட்ட பெரிய வண்டிதான் இருக்கு. சீட்டை அடிவரைக்கும் இறக்கிட்டேன். இதுக்கு மேல இறங்காது."

நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கமலா என்னைவிட ஒரு சாண் உயரம். கல்யாணத்தன்று மணமேடையில் யாரோ சிரித்ததை நான் மறந்ததில்லை. ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய் பேசி வண்டியை எடுத்தோம்.

கொள்ளிடம் பாலம் தாண்டுவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. மிதி கீழே போகும்போதெல்லாம் என் கால் அதைவிட்டு நழுவியது. எட்டிப் பிடிக்க இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்க வேண்டியிருந்தது. ஹேண்டில்பாரும் தூரம். குனிந்து குனிந்து மணிக்கட்டு மரத்துப்போயிற்று. பின்னால் கேரியரில் அவள் பாரம். ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி ஏற மைல்கல்லைத் தேடி அதன்மேல் காலை வைத்துத்தான் ஏற முடிந்தது.

8.15, மண்ணச்சநல்லூர். ஆறு மைல்தான் வந்திருந்தோம். தொடையில் தோல் உரிந்து வேட்டி ஒட்டிக்கொண்டது. டீக்கடை வாசலில் கமலா தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"ஏங்க, நான் ஓட்டட்டுமா? எனக்குத் தெரியும். வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோறதுக்காக அப்பாதான் கத்துக்குடுத்தாரு."

மணமாகி நான்கு வருஷம். எனக்கு அது தெரியாது. டீக்கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊரே சிரிக்கும். பேசாம உட்காரு" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள்.

அடுத்த ஆறு மைலுக்கு இரண்டு மணி நேரமாயிற்று. திருவெள்ளறைக்குச் சற்று முன்னால், எதிரே வந்த நெல் வண்டிக்கு ஒதுங்கினேன். கால் தரையில் எட்டவில்லை. இருவரும் விழுந்தோம். அவள் முழங்கையில் ரத்தம். புழுதியைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"எங்கப்பா செத்துக்கிட்டிருக்காருங்க."

நான் வண்டியை அவளிடம் கொடுத்தேன்.

திருவெள்ளறையில் ஒரு சைக்கிள் கடையில் சீட்டை இரண்டு விரல் உயர்த்தச் சொன்னாள். புடவையைக் கச்சமாக இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். நான் கேரியரில். மிதி கீழே போகும்போது அவள் முழங்கால் லேசாக மடிந்தபடி இருந்தது. இடுப்பு அசையவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. என்னை வதைத்த அதே வண்டி, அவளுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் ஓடியது. வயலில் நின்ற பெண்கள் கை கொட்டிச் சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை. பதினான்கு மைலை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கடந்தாள். புலிவலத்தில் தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தவில்லை.

12.15, துறையூர். தெருமுனையில் இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"இங்கேருந்து நீங்க தள்ளிக்கிட்டு வாங்க."

அப்போதே அழுகைச் சத்தம் கேட்டது. மைத்துனர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தான் கமலா. அரை மணிகூட ஆகல. கமலா வந்துட்டாளா, கமலா வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். நான் சுவரோரமாக வண்டியைப் பிடித்தபடி நின்றேன். உறவுக்காரப் பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டினார்.

"இந்த உடம்ப வச்சுக்கிட்டு இருபத்தாறு மைல் பொண்டாட்டிய வச்சு மிதிச்சிருக்கீங்களே மாப்ள! யாரு செய்வா?"

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தகப்பனார் காலடியில் கமலா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அது கேட்டிருக்கும். நான் வாயைத் திறந்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அவர் இன்னும் இரண்டு பேரிடம் சொன்னார்.

மறுநாள் காலை நான் மட்டும் கிளம்பினேன். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை கமலா அங்கேயே இருக்க வேண்டும். உள்ளே போய்ச் சொல்லிக்கொண்டேன். "ம்" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

வழியனுப்ப வந்த மைத்துனர், "ஏறுங்க மாப்ள" என்று காத்திருந்தார்.

"கொஞ்ச தூரம் நடந்துட்டு ஏறிக்கிறேன்" என்றேன்.

ஸ்ரீரங்கம்வரை ஏறவில்லை.