மொட்டை விரலுக்கு ஒரு துளை

எங்கள் சித்தப்பாவின் இடது கை மோதிர விரல் பாதிதான் இருந்தது. மீதியைச் சிறுவயதில் கரும்பு ஆலைக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கையோடுதான் செஞ்சி வட்டாரத்துக் கூத்துகளில் முகவீணை ஊதினார். முழ நீளம்கூட இல்லாத மரக்குழல் அது. அவலூர்பேட்டைத் தச்சர் ஒருவர் சித்தப்பாவின் கையை வைத்துப் பார்த்து, மொட்டை விரல் எட்டுகிற இடத்துக்குத் துளையைத் தள்ளிப் போட்டுக் கடைந்து கொடுத்திருந்தார். வேறு யார் ஊதினாலும் பூனை மாதிரி கத்தும்.

சித்தப்பாவின் அண்ணனான எங்கள் நைனாவுக்குக் கூத்து என்றாலே கசப்பு. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், கூத்தாடி வீடா என்று கேட்டுவிட்டு, கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து போயிருந்தார்கள். அப்படிப்பட்டவர் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குத் தம்பிக்கென்று மெட்ராஸிலிருந்து புது முகவீணை வாங்கி வந்தார். மெஷினில் கடைந்தது; வெள்ளி போல் மின்னும் பூண். கடையில் வரிசையாக அடுக்கியிருந்தார்களாம், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் கிடையாதாம். எனக்கு நைனாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. பழையதை அவரே வெந்நீர் அடுப்பில் செருகினார்.

"பழசு கையில இருந்தா புதுசு எப்டி பழகும்?"

அண்ணனை எதிர்த்துப் பேசியறியாத சித்தப்பா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

படுகளத்தன்று காலை, மண்ணால் செய்த துரியோதனன் விழுந்து கிடக்க, ஊரே சுற்றி நின்றது. காந்தாரியின் ஒப்பாரிக்குச் சித்தப்பா ஊத வேண்டும். மொட்டை விரல் துளைக்கு எட்டவில்லை. ஒப்பாரி கீச்சென்று பிசிறியது. ஒருவன் சிரித்தான்; பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கூத்து வாத்தியார் அங்கேயே குழலைப் பிடுங்கி இன்னொருவனிடம் கொடுத்தார். அவன் நன்றாகவே ஊதினான்.

வீட்டுக்கு வந்த சித்தப்பா, "தொள எட்டலண்ணா" என்றார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் நைனா.

இன்றும் அந்தப் பழமொழி காதில் விழுந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

அதற்குப் பிறகு சித்தப்பா எதையும் ஊதவில்லை. நைனாவின் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தைத்தார். அக்காவுக்கு நல்ல இடம் அமைந்தது. கல்யாணப் பந்தியில் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் ஊற்றினார். நைனா ஆசையாக வாங்கிக் கொடுத்தும் சித்தப்பாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.

நைனா போன பிறகுதான் அம்மா சொன்னாள். அந்தக் காலத்தில் சித்தப்பாவைச் சைக்கிளில் வைத்து அவலூர்பேட்டைக்கு அழைத்துப் போனதும், தச்சர் துளைக்கு அளவெடுக்கும்போது அந்த மொட்டை விரலை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததும் நைனாதானாம்.