வாக்கெடுப்பு நடக்கும்வரை கையெழுத்து இல்லை

1999 வசந்தத்தில் கனடா தன் போர் விமானங்களை ஐரோப்பாவின் ஒரு மூலையில் குண்டு போட அனுப்பியிருந்தது. அந்த நாட்களில்தான் என் பதின்மூன்று வயது மகள் ஒரு சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் கூடும், பிள்ளைகளுக்கான விமானக் கடேற் பயிற்சி அணியில் அவள் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சீருடை இலவசம், சப்பாத்தும் இலவசம் என்று கேள்விப்பட்டு நான்தான் சேர்த்துவிட்டேன். அங்கே அவளுடைய வேலை வாத்தியக் குழுவில் கிளாரினெற் வாசிப்பது. இப்போது கோடை முகாம், இரண்டு கிழமை. முகாம் ஒரு படைத்தளத்தில் நடக்கும் என்று படிவத்தில் இருந்தது. எஞ்சின் இல்லாத விமானத்தில் பிள்ளைகளை ஏற்றிப் பறப்பார்கள் என்றும் இருந்தது. எஞ்சின் இல்லாதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. படைத்தளம் என்ற சொல்லில் பேனை நின்றுவிட்டது.

"அப்பா, சைன் பண்ணுங்கோ. வாற வியாழன் குடுக்கோணும்."

"பொறு பிள்ளை. முதல்ல பாராளுமன்றம் வாக்கெடுக்கட்டும்."

"என்ர காம்ப்புக்கோ?"

"சண்டைக்கு."

நான் யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் குடியியல் படிப்பித்தவன். சட்டவாக்கத்துறை நிர்வாகத்துறையைக் கட்டுப்படுத்தும் என்று கரும்பலகையில் எழுதி எழுதியே சோக்கட்டிகளைத் தேய்த்தவன். ஆகவே என் கணக்கு எளிமையானது. ஒட்டாவாவில் கைகளை உயர்த்துவார்கள். எத்தனை கை உயர்கிறது என்று பார்த்தால் சண்டை எவ்வளவு பெரிதாகும், எத்தனை பேரைக் கூப்பிடுவார்கள், கிளாரினெற் வாசிப்பவர்கள்வரை வருவார்களா என்று விளங்கிவிடும். பிறகு கையெழுத்து வைக்கலாம்.

விவாதம் நடந்த அன்று தொழிற்சாலையில் இருந்து வந்த கையோடு, கொப்பியில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு நிரல்கள் கீறிக்கொண்டு பாராளுமன்றச் சனலுக்கு முன்னால் அமர்ந்தேன். பேசினார்கள். கவலைப்பட்டார்கள். படையினரின் துணிவைப் பாராட்டினார்கள். ஒருவர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். இன்னொருவர் அதற்கு வேறொரு நல்ல பதில் சொன்னார். கடைசியில் சபாநாயகர் எழும்பினார், எல்லோரும் எழும்பினார்கள், திரை மாறியது. பார்த்தால் மீன்பிடி பற்றி ஏதோ போகிறது. என் இரண்டு நிரல்களும் வெறுமையாக இருந்தன.

நடுவில் ஒரு துண்டு அறுந்துவிட்டது என்று நினைத்து கேபிள் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வாக்கெடுப்பு வரவில்லை."

"மற்றச் சனல்கள் தெளிவாக வருகின்றனவா, சேர்?"

"எல்லாம் வருகிறது. வாக்கெடுப்பு மட்டும்தான் வரவில்லை."

செவ்வாய்க்கிழமை காலை எட்டுக்கும் மாலை ஐந்துக்கும் இடையில் ஆள் அனுப்புவதாக மறுமுனையில் இருந்தவன் சொன்னான்.

அதுவரை பொறுக்க முடியாமல் மறுநாளே எங்கள் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனேன். முன்மேசையில் இருந்த பெண் என் முகத்தைக் கண்டதும், நான் வாய் திறக்க முன்னமே, உறவினரைக் கூப்பிடும் ஸ்பொன்சர் படிவத்தை எடுத்து நீட்டினாள். எங்கள் ஆட்கள் அங்கே வேறெதற்கும் போவதில்லை.

"யாரைக் கூப்பிடுகிறீர்கள்? அம்மாவையா, தம்பியையா?"

"ஒருவரையும் இல்லை. சண்டைக்குப் போவதற்கு வாக்கெடுக்க மாட்டீர்களா என்று கேட்க வந்தேன்."

அவள் படிவத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு மிகப் பொறுமையாக விளக்கினாள். படைகளை அனுப்பும் அதிகாரம் இந்த நாட்டில் அமைச்சரவைக்குத்தான். பாராளுமன்றம் விவாதிக்கலாம், கேள்வி கேட்கலாம். மிஞ்சிப்போனால் நம்பிக்கை இல்லை என்று சொல்லி அரசாங்கத்தையே கவிழ்க்கலாம். வாக்கெடுத்துத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

"விமானம் போன பிறகும் கேள்வி கேட்கலாமா?"

"தாராளமாக," என்றாள். வந்ததற்கு ஒரு சின்னக் கொடியும் தந்தாள்.

பதினான்கு வருடப் பாடம் கையில் கொடியாக வீடு வந்தது. மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மகள் சப்பாத்து மினுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு அறிவித்தேன்: "முகாமைப் பற்றி நீங்கள் ரெண்டு பேரும் என்ன சொல்லோணுமோ சொல்லுங்கோ, கேக்கிறன். முடிவு நான் எடுப்பன்."

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி, "அப்ப ஒட்டாவாக்காரருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவையளாவது அதை ரீவீயில காட்டினவை."

மகள் பிடித்துக்கொண்டாள். "ஓகே. அப்பா கபினெற். நானும் அம்மாவும் பார்லிமென்ற். ஒரு கொஸ்சன். உங்கட ரீசன் என்ன?"

"உன்னைச் சண்டைக்கு அனுப்பிப்போடுவாங்கள்."

"எனக்குப் பதின்மூண்டு வயசு!"

"வயசு ஒரு பிரச்சினையோ?"

"அப்பா, நான் கிளாரினெற் வாசிக்கிறன். அவங்கள் பொம் போடேக்க நான் பின்னால நிண்டு வாசிக்கிறதோ?"

மனைவி சிரித்து, மடித்த துவாயைக் கீழே போட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயது ஒரு பிரச்சினையே இல்லை என்று திரும்பச் சொன்னேன். அதுவரை மகளுக்குச் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னேன். யாழ்ப்பாணத்தில் ஒரு திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டேன். மூன்று பெயருக்குப் பதில் இல்லை. மூத்தவனுக்குப் பதினாறு. சண்டை பிடிக்க இயக்கத்துக்குப் போய்விட்டார்கள் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தாய் தகப்பனிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை. நான் வரவு இடாப்பில் மூன்று பூச்சியம் போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். அன்றைய பாடம் வாக்குரிமை.

மகள் சப்பாத்தைக் கீழே வைத்தாள். பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

"இஞ்ச உங்களைக் கேக்கினம் தானே அப்பா. அதுக்குத்தான் இந்தப் படிவம்."

கையெழுத்து வைத்தேன். வைத்துவிட்டு, அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு நிபந்தனையும் எழுதினேன்: பாராளுமன்றம் வாக்கெடுத்து அனுமதிக்காமல் என் மகளை எந்தச் சண்டைக்கும் கொண்டுபோகக் கூடாது, அனுமதித்தாலும் முதலில் எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ர பங்குக்கும் ஒண்டு எழுதுங்கோ. உந்த எஞ்சின் இல்லாததில ஏத்த முன்னம் காத்தைப் பாக்கச் சொல்லி." அதையும் எழுதினேன்.

வியாழக்கிழமை மண்டபத்துக்கு நானும் போனேன். பொறுப்பதிகாரி பெரிய மீசைக்காரர். படிவத்தை நின்றபடி முழுவதும் வாசித்தார். பிறகு இன்னொரு முறை வாசித்தார். மகள் சுவரில் உயரத்தில் இருந்த கூடைப்பந்து வளையத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"சேர்," என்றார் அவர், முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லாமல், "இவர்கள் படையினர் இல்லை, பிள்ளைகள். எந்தச் சண்டைக்கும் போக மாட்டார்கள். காற்றை நாங்கள் எப்போதும் பார்ப்போம். இருந்தாலும் கையால் எழுதிச் சேர்த்தவற்றுக்குப் பக்கத்தில் உங்கள் சுருக்கொப்பம் வேண்டும்."

வைத்தேன். அவரும் பக்கத்தில் தன்னுடையதை வைத்தார். என் வாழ்நாளில் நிர்வாகத்துறை என்னிடம் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டது அன்றுதான். எனக்குத் துணிவு வந்துவிட்டது.

"இன்னும் ஒன்று," என்றேன். "சாப்பாட்டைப் பற்றி..."

"அப்பா!"

மகள் படிவத்தை மேசையில் இருந்து பறித்து, மற்றப் படிவங்கள் கிடந்த பெட்டிக்குள் போட்டு, மூடியைச் சாத்தி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.