உள்ளே இருந்த எடை

கல்லிடைக்குறிச்சிக்கு வெளியே, ரோட்டோரம் ஓர் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். லாரியும் டிராக்டரும் ஏறி நிற்கும். எடை கம்ப்யூட்டரில் வரும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. வண்டி நம்பர் அடிக்கத் தெரியும். சரக்கோடு வந்தால் ஒரு பட்டன். காலியாகத் திரும்பி வந்தால் இன்னொரு பட்டன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சீட்டு வரும். அதற்கு மேல் அந்தப் பெட்டியோடு எனக்குப் பேச்சு கிடையாது.

ஆயுத பூசை அன்று காலையில் ஒரு பெண்பிள்ளை டிராக்டரில் டிரைவரோடு நெல் கொண்டுவந்தாள். கார் பருவத்து அறுப்பு. பாட்டத்துக்கு, குத்தகைக்கு எடுத்த வயல். அறுப்பு மிஷின் கொட்டியதை மூட்டை பிடிக்காமல் அப்படியே டிரெய்லரில் போட்டிருந்தாள். எடை போட்டேன். முதல் எடைக்குச் சீட்டு கிடையாது. நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. பெட்டிதான் வைத்திருக்கிறதே என்று நான் எழுதுவதை விட்டு நாளாகியிருந்தது.

அவள் மில்லில் நெல்லைக் கொட்டப் போனாள். நான் பூசையைக் கவனித்தேன். மேடைக்கு நாலு மூலையிலும் பொட்டு. மேசை விசிறிக்கு, பிரிண்டருக்கு, திரைக்கு. கீபோர்டை மட்டும் விட்டால் நன்றாக இருக்காது. மேல் வரிசையில் நடுவாக ஓர் இடம் நெற்றி மாதிரி இருந்தது. சந்தனத்தைக் கட்டை விரலில் எடுத்து அழுத்தி வைத்தேன். மேலே குங்குமம்.

கரண்டு போனது. வந்தது.

பெட்டி கீ கீ என்று கத்தியது. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, வரிசை வரிசையாக. ஒரு வரி மட்டும் பளிச்சென்று இருந்தது. எல்லாம் இங்கிலீஷ். வழக்கமாகத் தட்டும் பெரிய பட்டனைத் தட்டினேன். திரை வந்தது. ஆனால் எங்கள் திரை இல்லை. ஒரே கறுப்பு. எழுத்தெல்லாம் பெரிசு. நாலு மூலையிலும் ஒரே சொல் எழுதியிருந்தது. எடை போடத் திறக்கும் படத்தைத் தட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே கத்தல், அதே வரிசை, அதே கறுப்பு.

அதற்குள் டிராக்டர் காலியாக வந்து மேடையில் நின்றது. அவள் உள்ளே வந்தாள்.

"சீட்டு குடுங்க அண்ணாச்சி."

"இரு தாயி. பெட்டி மக்கர் பண்ணுது."

"காலையில என்ன எட வந்துச்சு?"

"உள்ள இருக்கு."

"உள்ளன்னா?"

திரையைக் காட்டினேன். நாலு மூலையையும் பார்த்தாள்.

"நோட்டுல எழுதலியா?"

"இல்ல."

"எம் நெல்லு மில்லு குமியோட கலந்தாச்சு. இனி எத அள்ளி நிறுக்கச் சொல்லுவேன்? மில்லுக்காரனும் நீங்களும் பேசி வச்சிருக்கியளோ?"

அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தம்பிக்குப் போன் போட்டேன். குலசை அம்மன் கோயில் தசராவுக்கு வேசம் கட்டிப் போயிருந்தான். ஒரே மேளச் சத்தம்.

"சத்தமா சொல்லுங்க அண்ணாச்சி. கொரங்கு மூஞ்சி மாட்டிருக்கேன், காது அடைக்கி."

சொன்னேன்.

"அப்படியா? சேஃப் மோடுல போட்டுப் பாப்போம். ஆன் பண்ணும்போது மேல் வரிசையில எஃப் எட்டுன்னு இருக்கும், அத விட்டு விட்டுத் தட்டுங்க. கறுப்பா ஒரு வரிசை வரும்."

"அது வந்தாச்சு. இப்ப நாலு மூலையிலயும் எழுத்து நிக்கி."

"அதுதான அண்ணாச்சி சேஃப் மோடு! நான் சொல்லாம எப்படி உள்ள போனிய?"

"நான் போவல. அதுவா போச்சு."

"அதுவா போவாதே."

"அப்படின்னா என்னது அது?"

"பெட்டிக்குச் சொகமில்லன்னா எல்லாத்தையும் நிறுத்திப் போட்டு உசுர மட்டும் வச்சிப் பாக்கது. பிரிண்டர் கிடையாது, மேடையும் கிடையாது."

"இதுக்கு என்ன சொகமில்ல?"

"அதான் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. சுகமில்லாத மாதிரி கிடக்கிறது. என்ன நோவு என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்பிள்ளை இடுப்பில் கை வைத்து நின்றாள். வெளியே வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று ஆரன் அடித்தது.

"கீபோர்டுல ஏதும் கொட்டுனியளா அண்ணாச்சி?"

"ஒண்ணும் கொட்டல. பொட்டுதான் வச்சேன்."

"எங்கன?"

"மேல, நடுவுல."

அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் மேளமே அடங்கிவிட்டது. "யாராவது கேளுங்கடே, எங்க அண்ணாச்சி எஃப் எட்டுக்குச் சந்தனம் பூசிருக்காவ!"

நான் பார்ப்பதற்கு முன்னால் அவள் குனிந்து பார்த்தாள். "இந்தா, ஒரு பல்லு மட்டும் உள்ள அமுங்கிக் கிடக்கு." தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். காய்ந்த சந்தனத்தைச் சுற்றிலும் கெல்லினாள். பட்டன் டக்கென்று மேலே வந்தது.

அணைத்துப் போட்டேன். பைய வந்தது. எங்கள் திரை. வண்டி நம்பர் இருந்தது. பக்கத்தில் காலை எடையும் இருந்தது. பட்டனைத் தட்டினேன். சீட்டு வந்தது.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"இது காலையில வந்த எடதானா?"

"அதுதான்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. காலையில் நான் எண்ணைக் கவனிக்கவே இல்லை. "பெட்டி சொல்லுது" என்றேன்.

என்னைப் பார்த்தாள். சீட்டை முந்தியில் முடிந்துகொண்டு போனாள்.

மத்தியானம் வயலில் மிச்சமிருந்த நெல்லோடு வந்தாள். டிராக்டர் மேடையில் நின்றதும் இறங்கி உள்ளே வந்து, மேசையில் கிடந்த நோட்டை என் பக்கம் தள்ளினாள். திரையில் வந்த எண்ணை எழுதினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகுதான் டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னாள்.