நோம்பு மொத நாளும் கராச்சி பாப்பாவுக்கு அஞ்சு பாட்டில் ரத்தமும்

தோல் பேக்டரி வாசனை இருக்கே... ஏழு தரம் சோப்பு போட்டு குளிச்சாலும் போவாது. சட்டையை மாத்தினா அந்த சட்டைக்கும் வந்துடும்.

இருபது வருஷம் இருக்கும். வேலூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்திருந்தேன். வீட்டம்மாவுக்கு பித்தப்பைல கல்லு, ஆபரேஷன். நான் உக்காந்தாலே பெஞ்சுல இருக்கறவங்க மெதுவா நகருவாங்க. அன்னிக்கி ஒரே ஒரு ஆளு மட்டும் கிட்ட வந்தாரு. தாடி, நீட்டு குர்தா. மூக்கை ரெண்டு தரம் இழுத்தாரு. ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலான்னு உருதுல கேட்டாரு.

எனக்கு உருது தண்ணி பட்ட பாடு. ஆம்பூர்ல பொறந்தவனுக்கு அதை யாரு கத்துக் குடுக்கணும்... ஆட்டுத் தோலுன்னேன். என் உருதைக் கேட்டு மனுஷன் ரொம்ப நேரம் சிரிச்சாரு. சந்தோஷத்துலதான்.

பேரு சலீம். ஊரு கராச்சி. அங்க அவரும் தோல் பேக்டரிதான். என்னை மாதிரியே தரம் பிரிக்கிற வேலை. ரெண்டு பேரும் கட்டை விரலை நீட்டிப் பாத்துக்கிட்டோம். ஒரே இடத்துல காய்ச்சுப் போயிருந்துச்சு.

அவரு பொண்ணு நாஜியாவுக்கு ஏழு வயசு. இதயத்துல ஓட்டை. லாகூர் வந்து, பார்டரை நடந்தே தாண்டி, அமிர்தசரஸ், டில்லி, அப்புறம் காட்பாடி... பாப்பாவைத் தோள்லயே தூக்கிட்டு வந்திருக்காரு. விசாவுல வேலூர்னு மட்டும்தான் போட்டிருந்துச்சு. ஆம்பூர் அம்பது கிலோமீட்டர், ஆனா அவரு வரக் கூடாது. அதனால நான் ஆம்பூரையே வேலூருக்கு கொண்டு போனேன். அண்டா அண்டாவா பிரியாணி... சரி, டிபன் கேரியர்ல.

ஒரு புதன்கிழமை சலீம் முகம் தொங்கிப் போச்சு. சனிக்கிழமை ஆபரேஷன். அதுக்குள்ள அஞ்சு பாட்டில் ரத்தம், ஆளுங்க வந்து குடுத்தாத்தான் தேதி நிக்கும். இல்லன்னா தள்ளிப் போவும். தள்ளிப் போனா விசா முடிஞ்சிடும். அவரு ஒரு பாட்டில் குடுத்துட்டாரு. மீதி நாலு பாட்டிலுக்கு இந்த ஊர்ல யாரைத் தெரியும் அவருக்கு?

நான் சும்மா இருப்பேனா. நாலு எதுக்கு, வெள்ளிக்கிழமை பத்து பேரோட வர்றேன்னு சொல்லிட்டேன். எங்க பேக்டரிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு.

ஆனா ஒண்ணு கணக்கு போட மறந்துட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் பிறை தெரிஞ்சிடுச்சு. விடிஞ்சா மொத நோம்பு. பொறந்ததுல இருந்து பாயுங்க நடுவுல வளந்தவன்... எனக்கு இது தோணல பாருங்க.

காலைல பஸ் ஸ்டாண்டுக்கு போனா, சொன்ன மாதிரி எல்லாம் வந்து நிக்கறாங்க. என்னோட பத்து பேரு. அதுல ஏழு பேரு நோம்பு. ஜப்பார், என் செக்ஷன்ல என் பக்கத்து மேஜை, அவன்தான் சொன்னான், ஊசிதானே குத்தப் போறாங்க, ஏறு பஸ்ஸுலன்னு.

ரத்தம் எடுக்கற எடத்துல நர்ஸு மொதல்ல கேட்டதே, காலைல என்ன சாப்ட்டீங்கன்னுதான். ஏழு பேரும் ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாத்தாங்க. வெறும் வயித்துல எடுக்க மாட்டோம்னுட்டாங்க. மீதி நாங்க மூணு பேரு. அதுல பெருமாளு ராத்திரி லீவைக் கொண்டாடிட்டு வந்திருந்தான். கிட்ட போனதுமே நர்ஸம்மா கதவைக் காமிச்சிட்டாங்க.

டேனியலு குடுத்தான். நான் குடுத்தேன். இவ்ளோ கெட்டியான ரத்தம் சர்வீஸ்லயே பாத்ததில்லன்னு அந்தம்மா அசந்துட்டாங்க. ஒரு பாட்டிலோட போதும்னு நிறுத்திட்டாங்க, இல்லன்னா மீதியையும் நானே குடுத்திருப்பேன். லேசா கண்ணு இருட்டுச்சு, அது வெயிலு.

இன்னும் ரெண்டு வேணும். நோம்பு திறந்துட்டு குடுக்கலாம்னா, அதுக்குள்ள கவுண்டரை மூடிடுவாங்க.

சலீம் செவுத்துல சாஞ்சி நின்னாரு.

ஜப்பார் அவரையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "செல்வம், இட்லி எங்கடா கிடைக்கும்?"ன்னான்.

எனக்கு மொதல்ல புரியல. சலீமுக்கு புரிஞ்சிடுச்சு. வேணாம் பாய்னு அவன் கையைப் புடிச்சிக்கிட்டாரு. ஜப்பார் மெதுவா கையை எடுத்துட்டு சொன்னான், "நோம்பை ரம்ஜான் முடிஞ்சி ஒரு நாள் வெச்சிக்கிறேன். பாப்பாவுக்கு நாளைக்கித்தானே ஆபரேஷன்?"

ரம்ஜான் மாசத்துல, சாப்பிடறவங்க வெளிய தெரியாம ஓட்டல் வாசல்ல துணி கட்டியிருப்பாங்க இல்ல... அந்தத் துணிக்குப் பின்னாடி உக்காந்து நாலு இட்லி தின்னான். இன்னொரு பாயும் கூட போனாரு. சட்னி கூட தொட்டுக்கல. மாத்திரை முழுங்கற மாதிரி முழுங்கிட்டு எழுந்தாங்க.

அஞ்சு பாட்டில் சேந்துடுச்சு. சனிக்கிழமை ஆபரேஷன் நடந்துச்சு. பத்தாவது நாள் நாஜியா அதே வராண்டால என்னையும் சலீமையும் துரத்தி விளையாடிச்சு. குடுத்த ரத்தம் நாம சொன்ன ஆளுக்கேன்னு இல்ல, பேங்குக்கு போய்டும்னு நர்ஸு சொன்னாங்க. சொல்லட்டும். அந்த பாப்பாவுக்குள்ள போனது என் ரத்தம்தான், ஓட்டத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது.

இப்போ நாஜியா டீச்சரு. ரெண்டு புள்ளைங்க. கடுதாசி போய் வாட்ஸப் வந்துச்சு. ஈத்துக்கு அவங்க போட்டோ வரும், பொங்கலுக்கு நம்மது போவும்.

இந்த வருஷம் சலீமுக்கே நெஞ்சு வலி. வேலூருக்குத்தான் வரணும்னாரு. இப்போ பாகிஸ்தான்காரங்களுக்கு விசா கிடையாது, எதுக்கும் கிடையாது. ரிப்போர்ட்டை எல்லாம் போன்ல அனுப்பிட்டாரு. நான் பிரிண்ட் போட்டு எடுத்துட்டு போனேன். கவுண்டர்ல ஒரு சின்ன பொண்ணு, பொறுமையா பாத்துட்டு, பேஷண்ட் எங்க அங்கிள்னு கேட்டுச்சு. கராச்சின்னேன். ஆளைப் பாக்காம டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க அங்கிள்னு சொல்லிட்டு, பேப்பரை நேரா அடுக்கி திருப்பிக் குடுத்துச்சு.

ஜப்பார் கிட்ட சொன்னேன். அவனும் ரிட்டையர் ஆயிட்டான், பிபி மாத்திரை. ரத்தம் வேணும்னா பசங்க இருக்காங்க, ஆளை வரச் சொல்லுன்னான். அப்படியே சலீமுக்கு எழுதிட்டேன்.

நீல டிக் விழுந்துச்சு. டைப் பண்றாருன்னு காட்டிச்சு... நின்னுச்சு... திரும்ப காட்டிச்சு.

ரொம்ப நேரம் கழிச்சி, இன்ஷா அல்லான்னு மட்டும் வந்துச்சு.