நாற்பது படிவங்களில் ஒரு பொய்

"எச்சிய வாங்கிக்கினு போயி அந்த ஊர்க்காரங்க இன்னாடி சொல்லப் போறாங்க, எம்புள்ள ஏன் செத்தான்னு?"

மயிலம் பக்கத்தில் எங்கள் ஊரில், நான் நீட்டிய சிறு குழாயைக் கையில் வாங்கிக்கொண்டே வள்ளி அத்தை கேட்டார். கொரோனா வந்தபோது அவருடைய மூத்த மகன் ஐந்தே நாளில் போய்விட்டான். அதே வீட்டில் பக்கத்தில் படுத்திருந்த இளையவனுக்கு வெறும் சளி. நம்பிக்கை இல்லாவிட்டாலும் அத்தை துப்பிக் கொடுத்தார்; இளையவனையும் துப்பவைத்தார்.

ஜெர்மனியில் நான் வேலை செய்யும் ஆய்வகம் கேட்பதும் அத்தையின் கேள்வியைத்தான். ஒரே கிருமி சிலரைத் தொட்டுவிட்டுப் போகிறது, சிலரைக் கொண்டுபோகிறது. வயது, வேறு நோய்கள், கிடைத்த வைத்தியம் எல்லாம் காரணம்தான். மரபணுவும் ஒரு காரணம். இதுவரை பார்த்தவை பெரும்பாலும் ஐரோப்பியர்களின் மரபணுக்கள் என்பதால், எங்கள் ஊரையும் சேர்க்கச் சொன்னவள் நான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

ஜெர்மனியில் 'நீ யார் வீட்டுப் பெண்' என்று யாரும் கேட்பதில்லை. வந்த புதிதில் அது விடுதலையாக இருந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது உடன் வேலை செய்பவர் ஒருவர், உங்கள் பக்கம் சொந்தத்திலேயே கல்யாணம் செய்வார்களாமே என்றார். அதெல்லாம் அந்தக் காலம் என்றேன். என் அப்பா என் அம்மாவின் தாய்மாமன். வள்ளி அத்தை எனக்கு அத்தை, அம்மாவுக்குச் சித்தி. அத்தையும் தன் அத்தை மகனைத்தான் கட்டினார்.

'பெற்றோர் திருமணத்துக்கு முன்பே இரத்த உறவினரா?' எச்சிலோடு சேர்த்து அனுப்பும் படிவத்தில் இருந்த இந்தக் கேள்வியை ஊரில் நான் யாரிடமும் கேட்கவே இல்லை. எச்சில் கொடுத்த நாற்பது பேருக்கும் நானே 'இல்லை' என்று குறி போட்டேன். அதில் என் படிவமும் ஒன்று.

நெருங்கிய உறவில் பிறந்தவர்களுக்கு மரபணுவின் ஒரே துண்டு இரு வழியிலும் வந்து சேரலாம். அபூர்வமாக அதில் பழுது இருந்தால் கிருமியை எதிர்க்கும் பலம் குறையலாம். நாங்கள் தேடியதே அதைத்தான். ஆனால் குழுத் தலைவி அன்னா என் குறிகளை நம்பினார். பெற்றோர் உறவினரில்லை என்றால் இரு வழியில் வந்த துண்டுகள் இவ்வளவு ஒத்திருக்க முடியாது, வரும் வழியில் மாதிரிகள் கெட்டிருக்கும் என்று முடிவு செய்தார். "உங்கள் தவறில்லை. வெள்ளிக்கிழமை இந்த ஊரை ஆய்விலிருந்து முழுதாக நீக்கிவிடலாம்" என்றார் அன்பாக. நான் தலையாட்டினேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். சம்மதம்தான்.

மறுநாள் அத்தைக்குப் போன் செய்து, நான் 'இல்லை' என்று குறித்ததையும் ஊரையே நீக்கப்போவதையும் சொன்னேன்.

"சொந்தத்துல கட்டிக்கினோம். திருடிக்கினா வந்தோம்? உனக்கு வெக்கமா இருந்தா உன் பேப்பர்ல எழுதிக்க வேண்டியதுதான? எம்புள்ள பேப்பர்ல ஏன்டி எழுதுன?"

பிறகு குரலைத் தாழ்த்தி, அதனால்தான் மூத்தவன் போனானா என்று கேட்டார். ஒருவரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, தெரியவில்லை அத்தை என்றேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. இல்லன்னு எழுதாத."

வியாழக்கிழமை அன்னாவிடம் உண்மையைச் சொன்னேன். எங்கள் வழக்கத்தைக் கேட்டு அவர் முகம் மாறவில்லை. என் பொய்யைக் கேட்டு மாறியது. ஊரை நீக்குவதை நிறுத்திவைத்தார். நான் இந்த ஆய்வில் இருக்கலாமா என்று அடுத்த வாரம் கூடிப் பேசுவார்கள். அதற்குள் எல்லா வீடுகளுக்கும் போன் செய்து, விட்டுப்போன கேள்வியைக் கேட்டுப் படிவங்களைத் திருத்திவிட்டேன். முதல் படிவம் என்னுடையது. 'ஆம்' என்று குறித்தேன். என்ன உறவு என்ற இடத்தில் ஜெர்மன் சொல்லான 'ஓங்கெல்' என்று எழுதினேன். அதில் தாய்மாமனா சித்தப்பாவா என்று தெரியாது. பக்கத்திலேயே தமிழில் 'தாய்மாமன்' என்று எழுதி, இன்று காலை அனுப்பிவிட்டேன்.