கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு நர்ஸ்

அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவளை எல்லோரும் ‘கறாரக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கி ஒன்று, புதிதாக யாரையும் வேலைக்கு எடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தது. ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் காலியாகவே கிடந்தன. ஒரு மதியம், இரண்டு பிரசவங்களுக்கு நடுவே அவள் ஒருத்தியாக அல்லாடிக்கொண்டிருந்தபோது, அடுத்த கட்டிலில் ஒரு தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனாள். விசாரணையில் ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று எழுதி முடித்தார்கள். அன்றைக்கு மூண்ட கோபம்தான் அவளை நர்ஸுகள் சங்கத்துக்குள் இழுத்துவந்தது.

வளரும் நாடுகளுக்குக் கடனும் உதவியும் எந்த விதிப்படி போக வேண்டும் என்று அரசுகள் கூடிப் பேசும் சர்வதேச மாநாட்டுக்கு, தொழிற்சங்கங்கள் உள்ளிட்ட மக்கள் அமைப்புகள் அவளை அனுப்பிவைத்தன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழியனுப்ப வந்த கணவர், “அங்கயாவது கொஞ்சம் வாயைக் கட்டிக்கிட்டு இரு” என்று கிண்டலடித்தார்.

அந்த வேலையை மாநாடே பார்த்துக்கொண்டது. பேரம் நடந்த அரங்கின் கண்ணாடிக் கதவு மக்கள் அமைப்புகளுக்குச் சாத்தியே இருந்தது. வண்டிகள் நிறுத்துமிடத்தைத் தாண்டி அவர்களுக்கென்று ஒரு கொட்டகை. அதில் அரங்கில் நடப்பதைக் காட்ட ஒரு டிவி. முக்கியமான பேச்சு தொடங்கினால் அதுவும் அணைந்துவிடும். கடைசி நாள் பொது அமர்வில் மட்டும் அவளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். வங்கிகள் கூட்டமைப்பின் ஆள் சாவகாசமாகப் பேசி உட்கார்ந்ததும், நேரமாகிவிட்டது என்று தலைவர் கூட்டத்தை முடித்துவிட்டார். வெளியான பிரகடனத்திலோ, ‘மக்கள் அமைப்புகளின் முழுப் பங்கேற்புடன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

கையில் டீயோடு நின்ற தன் நாட்டு நிதித்துறை அதிகாரியை நடைவழியில் மடக்கினாள்.

“தம்பி, நாங்க எதுல பங்கேத்தோம்?”

“நீங்க வந்ததே பெரிய விஷயம்க்கா. உங்க குரல் பதிவாகியிருக்கு.”

“நாங்க வாயே திறக்கலையே. பந்தியில உக்கார வைக்காமலே, சாப்பிட்டாங்கன்னு எழுதுவீங்களா?”

அவர் டீயைக் கலக்கினார். “இப்ப மாத்த முடியாதுக்கா. எல்லா நாடும் ஒத்துக்கிட்டாச்சு.”

“ஆள் எடுக்கக் கூடாதுன்னு போட்ட நிபந்தனையால எங்க வார்டுல ஒரு பொண்ணு செத்துப்போனா. யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டீங்க?”

அவர் அரங்குக்குள் நழுவிவிட்டார். அவளும் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களும் அந்தக் கண்ணாடிக் கதவின் முன் உட்கார்ந்தார்கள். காவலர்கள் அடையாள அட்டைகளைப் பறித்துக்கொண்டு எல்லோரையும் வெளியேற்றினார்கள்.

ஊர் திரும்பிய சில மாதங்களில், அடுத்த கடனுக்கான கலந்தாய்வுக்கு அதே அதிகாரி சங்கங்களை அழைத்தார். ஒருவரும் போகவில்லை.

“நீங்க வராட்டி நல்லா இருக்காதுக்கா” என்று போனில் குழைந்தார்.

“ஒப்பந்த வரைவை முதல்ல கண்ணுல காட்டுங்க. படிச்சுட்டு வர்றோம். போட்டோவுக்கு நிக்க எங்களுக்கு நேரமில்ல.”

இழுத்தடித்துக் கடைசியில் வரைவு வந்தது. அதே நிபந்தனை வேறு சொற்களில் பதுங்கியிருந்தது. அதை எடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்று சங்கத்தார் கூட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மருத்துவமனைகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடங்களுக்கு இல்லை.

மறுநாள் வார்டில் நர்ஸுகள் சூழ்ந்துகொண்டு வாழ்த்தினார்கள். கறாரக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை.

“வாத்தியாருங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க?” என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் சங்கத்துக்குப் போன் போட்டாள்.